ஏழாவது இறக்கை

படகின் அடியில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னால் கரையில் இருப்பவர்கள் பதறிப்போவார்கள். எங்கள் பாய்ப்படகின் அடியில் பல ஓட்டைகள் இருந்தன. எல்லாம் தெரிந்தே போட்டவை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வெளியே போக ஒன்று, கழிப்பறைக்கு இரண்டு, எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்நீர் உள்ளே வர ஒன்று. ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒரு வால்வு. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம், குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பாய் விரித்து எஞ்சினை நிறுத்தியதும் நாங்கள் அந்த எஞ்சின் வால்வை மூடிவிடுவோம். உள்ளே ஏதாவது ஒரு குழாய் கழன்றுகொண்டால் கடல் அழைப்பிதழுக்குக் காத்திருக்காது.

சரி, மூடியதை மறந்துவிட்டு மறுபடி எஞ்சினைப் போட்டால்? தண்ணீர் வராமல் எஞ்சின் கொதித்துவிடும். அதற்கு என் கணவர் ஒரு வழி வைத்திருந்தார். வால்வை மூடியதும் எஞ்சின் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவார். எஞ்சின் போட சாவி வேண்டும். சாவி எடுக்க, படிக்கு அடியில் குனிய வேண்டும். குனிந்தால் கை வால்வின் மேல்தான் போய் நிற்கும். திறந்துவிட்டுத்தான் நிமிர்வோம். ஞாபகத்தை நம்பவே வேண்டாம், கையே பார்த்துக்கொள்ளும். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் செய்வார், நான் செய்வேன். இரண்டே பேர் இருக்கும் படகில் பல விஷயங்கள் பேசாமலே நடக்கும்.

அவர் இறந்தது கடலில் இல்லை. நங்கூரம் போட்டிருந்த ஊரில், இரும்புச் சாமான் கடையில், குழாய்க் கிளிப் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. கடைக்காரர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். எல்லாம் முடிந்தபிறகு ஒரு சின்னக் காகித உறையை என் கையில் வைத்தார். உள்ளே இரண்டு கிளிப்புகள். "கேட்டார்மா, எடுத்து வெச்சிருந்தேன்" என்றார். நான் நன்றி சொன்னேன். படகுக்குத் திரும்பி, எந்தக் குழாய்க்கு அது வேண்டியிருந்தது என்று தேடி, பழைய துருப்பிடித்த கிளிப்பைக் கழற்றிவிட்டு இரண்டையும் மாட்டினேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்றால், ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை, அதற்கு மேல் கூடாது. சரியாகத்தான் இறுக்கினேன்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்துப் படகுகளிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் அவர்கள் கப்பில் டீ தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகுக்கு யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று தெரியாது. காலையில் எழுந்தால் தரைப்பலகையைத் தூக்கி அடிக்குழியைப் பார்க்க வேண்டும். அங்கே கொஞ்சம் தண்ணீர் இருக்கும், இருக்கவும் வேண்டும். எஞ்சினிலிருந்து, படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டு படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறதல்லவா, அந்த இடத்தில் கொழுப்பு தடவிய கயிற்றைச் சுற்றி அடைத்திருப்பார்கள். தண்டு சுற்றும்போது அது சொட்ட வேண்டும். சொட்டவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், தண்டு தேய்ந்துபோகும். ஓடினால் ஆபத்து. சொட்டுவதுதான் ஆரோக்கியம். ஸ்பாஞ்சால் ஒற்றி வாளியில் பிழிவேன். பிறகு நங்கூரச் சங்கிலியோடு கட்டிய கயிறு முன்பக்க விளிம்பில் உரசும் இடத்தில் சுற்றியிருக்கும் துணி விலகியிருக்கிறதா என்று பார்ப்பேன். சூரியத் தகடுகளில் படிந்த உப்பைத் துடைப்பேன். கடல்நீரில் பாத்திரம் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரே ஒரு தடவை அலசுவேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஏதாவது செய்ய இருக்கும். இரண்டு பேர் வேலை என்பதால் நாள் சீக்கிரம் போனது. அதுவும் ஒரு வசதிதான்.

மகள் தினமும் போன் செய்தாள். தன் வீட்டில் எனக்கு ஒரு அறை தயார் செய்துகொண்டிருந்தாள். படகை அடுத்த துறைமுகத்தில் இருக்கும் படகுப் பட்டறைக்குக் கொண்டுபோய், கிரேனில் தூக்கி, பாய்மரத்தைக் கழற்றிக் கரையில் நிறுத்திவிடுவது. அப்புறம் யாராவது வாங்கிக்கொள்வார்கள். நான் மகளோடு போய்விடுவது. இதுதான் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் நான் சரி என்று சொல்லியிருந்தேன். பாய்மரம் இறங்கிவிட்டால் படகு என்பது ஒரு நீளமான பெட்டி. மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் யாருக்காவது ஆசை இருக்க வேண்டும். என்னிடம் அது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை. அதனால் சரி என்றேன்.

"அம்மா, ரூமுக்கு என்ன கலர் அடிக்கட்டும்?"

"சரிம்மா."

"சரின்னு ஒரு கலரா அம்மா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். நானும் என் பங்குக்கு ஏதோ சத்தம் எழுப்பினேன். மஞ்சளே அடித்துவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

தனியாக நான் படகை ஓட்டக்கூடாது என்று மகள் அனுப்பிவைத்தது என் கொழுந்தனாரை. அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்குப் பேரே ஸ்டோர்தான். பிள்ளைகளுக்கு ஸ்டோர் சித்தப்பா. மருந்துப் புட்டியோ பஞ்சோ அவர் வைத்த இடத்தில் இல்லை என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காதாம். படகில் கால் வைத்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணி, இது எப்பவும் இப்படித்தான் ஆடுமா, இல்ல என்னைப் பார்த்து ஆடுதா?"

"எப்பவுமே ஆடும் தம்பி. ரெண்டு நாள்ல கரைதான் ஆடுற மாதிரி இருக்கும்."

"அப்ப ரெண்டு நாளைக்கு என்னைக் கரையோட சேர்த்துக் கட்டிப்போட்டுடுங்க."

அண்ணனின் சட்டைகள் மாட்டியிருந்த அலமாரியைத் திறந்தவர் உடனே மூடிவிட்டார். அதன்பிறகு சாமான்களை அடுக்கத் தொடங்கினார். அது அவர் அழும் விதமாக இருக்கலாம். கருவிப்பெட்டியைக் கொட்டி, திருகுகளை அளவு வாரியாகப் பிரித்து, ஜாம் பாட்டில்களில் போட்டுப் பேர் எழுதி ஒட்டினார். உதிரிச் சாமான் பெட்டியில் இருந்ததற்கெல்லாம் லேபிள். என்னவென்று தெரியாததற்குத் தாமே பேர் வைத்தார். படிக்குப் பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் கொக்கிகள் ஒட்டி டார்ச், கத்தி, விசில் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினார். கடைசிக் கொக்கி காலியாக இருந்தது.

"இதுக்கு இன்னும் ஆள் வரல" என்றார்.

கிளம்பிய காலை, நான் படிக்கு அடியில் குனிந்து வால்வைத் திறந்து, சாவி எடுத்து, எஞ்சினைப் போட்டேன். கழியின் வாயைத் தாண்டியதும் பாய்களை ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, வால்வை மூடி, சாவியை அதில் மாட்டினேன். வழியெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். என்னிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், நான் நிற்காத வானொலி. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் மட்டும் படகு ஓடுவதில்லை; பக்கத்திலிருந்து வரும் காற்று பாயின் புடைத்த பக்கத்தைச் சுற்றி வேகமாகப் போகும்போது பாயை முன்னால் உறிஞ்சி இழுக்கிறது, படகுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கனமான அடிப்பலகை பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது என்று சொன்னேன். ஈரச் சோப்பை விரல்களுக்கு நடுவே அழுத்தினால் அது முன்னால் பாய்கிற மாதிரி.

"அப்ப நாம சோப்பு" என்றார் ஸ்டோர்.

எல்லாவற்றையும் சொன்ன நான் சாவியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயங்களின் கூட்டத்திலேயே இல்லை.

மத்தியானம் அவர் டீ போடக் கீழே போனார். படியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். எஞ்சினுக்குப் பக்கத்தில், கிரீஸ் படிந்த ஒரு குழாயில் சாவி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டோர் கீப்பருக்கு அது பொறுக்குமா? துடைத்து எடுத்துக் காலிக் கொக்கியில் மாட்டி, "எஞ்சின் சாவி" என்று எழுதி ஒட்டிவிட்டு, டீயோடு மேலே வந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் காற்று விழுந்துவிட்டது. பாய் தொளதொளவென்று தொங்கியது. காற்று இல்லாவிட்டாலும் நீரோட்டம் இருக்கும். அது எங்களை மெல்லச் சுவரின் கருங்கற்களை நோக்கித் தள்ளியது. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் கீழே கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, சாவியைக் குடுங்க."

"இதோ."

உடனே கை நீண்டது. அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. போட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எஞ்சின் போட்டதும் பின்பக்கம் எட்டிப்பார்ப்பது இன்னொரு பழக்கம். எஞ்சினைக் குளிரவைத்த கடல்நீர் புகைக்குழாய் வழியாகப் பொளக் பொளக் என்று துப்பும். துப்பினால் நல்லது. அன்றைக்கு நான் எட்டிப்பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால் அதையும் பார்க்கவில்லை, கண் அந்தப் பக்கம் இருந்தது.

"அண்ணி, சத்தம் காலையில மாதிரி இல்லையே. வெறும் தகர டப்பாவுல பேசுற மாதிரி இருக்கு."

"அப்படியா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை மணி அலறியது. வெப்பமானியின் முள் சிவப்புக்குள் போயிருந்தது. மணியின் மீது கண்ணை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இது வேறு யாருடைய படகிலோ அடிக்கிறது என்பது போல இருந்தது.

"அண்ணி! அண்ணி, அதை அமத்துங்க!"

எஞ்சினை அமர்த்தினேன். அமைதி வந்ததும் அலை கற்களில் மோதும் சத்தம் நன்றாகக் கேட்டது. அப்போது என் வாய் தானாகப் பேசியது.

"முன்னாடி போங்க தம்பி. நங்கூரத்தோட ஊசியை உருவிட்டு சங்கிலியை விடுங்க. கையைக் குடுத்துடாதீங்க, காலையும்."

"எவ்ளோ விடணும்?"

"நான் நிறுத்துங்கன்ற வரைக்கும்."

நங்கூரம் கனத்தினால் படகைப் பிடிப்பதில்லை. அது ஒரு கொக்கி. தரையோடு படுத்தால்தான் மண்ணில் குத்தும். அதைப் படுக்கவைப்பது சங்கிலியின் நீளம். ஆழத்தைப்போலப் பல மடங்கு விட வேண்டும். பயந்து கொஞ்சமாக விட்டால் கொக்கி நிமிர்ந்து பிடுங்கிக்கொள்ளும்.

"இன்னுமா? ஸ்டாக் தீர்ந்துடப்போகுது அண்ணி!"

"விடுங்க, விடுங்க."

படகு ஒருமுறை உதறி, மூக்கைத் திருப்பி நின்றது. சுவரில் உட்கார்ந்திருந்த கடற்காக்கைகளின் கால் நிறம் தெரிந்தது. அவ்வளவு பக்கம்.

கீழே போய்ப் படியைத் தூக்கினேன். வால்வின் கைப்பிடி குறுக்கே இருந்தது. வெறும் கைப்பிடி. திரும்பிப் பார்த்தால் சுவரில் அழகான கையெழுத்தில் "எஞ்சின் சாவி".

ஸ்டோருக்கு முதலில் புரியவில்லை. நான் சொன்னேன், சாவி ஏன் அங்கே தொங்குகிறது, அங்கே தொங்காவிட்டால் என்ன ஆகும் என்று. அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அழுக்கா இருந்துச்சேன்னு எடுத்தேன் அண்ணி. அவர் வெச்ச சாவி. நான் கெடுத்துட்டேன்."

"நான் சொல்லல தம்பி. சொன்னாதானே தெரியும்."

"துறைமுகத்துக்கு ஒரு போன் போட்டா இழுவைப் படகு வரும்ல? இழுத்துட்டுப் போய் கிரேனுக்கு அடியில விட்டுருவாங்க. எப்படியும் தூக்கி ஓரமா வைக்கப்போற படகுதானே. எஞ்சின் எதுக்கு?"

அவர் சொன்னது நியாயம். வாய் வழக்கம்போல 'சரி' என்று சொல்லத் திறந்தது. ஆனால் என் கை ஏற்கனவே, எஞ்சினுக்குக் கடல்நீரை உறிஞ்சித் தரும் பம்பின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளில் 'வேண்டும் போல' என்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் பெரிதாக ஒன்றுமில்லை, மூடியிருக்கும் டப்பாவைத் திறந்து பார்க்கும் ஆசை.

"வேண்டாம்" என்றேன். "நாமளே பார்த்துடலாம்."

எங்கள் படகில் பாயும் கயிறும் என் பொறுப்பு, எஞ்சின் அவர் பொறுப்பு. அவர் செய்வதை டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேனே தவிர ஸ்பேனரைத் தொட்டதில்லை. பட்டறைக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொன்னேன். கிரேன்காரர், "கடல் தண்ணி வத்துறதுக்குள்ள வந்துடுங்கம்மா, வத்திட்டா நாளைக்குத்தான்" என்றார்.

பம்புக்குள் இருப்பது ஒரு ரப்பர் சக்கரம். நடுவில் பித்தளைக் குமிழ், சுற்றி ஆறு இறக்கைகள். பம்பின் உட்சுவர் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் புடைத்திருக்கும். இறக்கை அந்தப் புடைப்பில் மடங்கி, தாண்டியதும் நிமிரும். நிமிரும்போது தண்ணீரை உறிஞ்சும், மறுபடி மடங்கும்போது அதை வெளியே தள்ளும். எவ்வளவு எளிமை பாருங்கள். ஆனால் தண்ணீர்தான் அதற்கு எண்ணெயும். காய்ந்து ஓடினால் ரப்பர் சூடாகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகள் தண்ணீரோடு முன்னால் போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். அதனால் புதுச் சக்கரம் போட்டால் மட்டும் போதாது. பிய்ந்ததையெல்லாம் தேடி எடுத்து ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டும்.

"உதிரிச் சக்கரம் ஒண்ணு இருக்கணும்..."

ஸ்டோர் நான் முடிப்பதற்குள் எழுந்தார். ஒரு டப்பாவோடு வந்தார். லேபிளில் "ரப்பர் பூ" என்று இருந்தது.

"என்னன்னு தெரியல. பூ மாதிரி இருந்துச்சு."

முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக.

மூடித் திருகுகள் சின்னவை. கை தவறினால் அடிக்குழியில் விழுந்து காணாமல் போகும். அடியில் துணியை விரித்துக்கொண்டு கழற்றினேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கி ஜாம் பாட்டில் மூடியில் வரிசை மாறாமல் வைத்தார். இரண்டு இடுக்கிகளால் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததும் குமிழ் வந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்தது இரண்டே இறக்கைகள். பம்பின் வயிற்றில் மூன்று கிடந்தன. ஒன்று இல்லை.

"அது போனாப் போகுது அண்ணி."

"அது போற வேலையே இல்ல தம்பி. கூலர்ல போய் உட்கார்ந்திருக்கும்."

கூலர் என்பது ஒரு பித்தளை உருளை. உள்ளே மெல்லிய குழாய்கள் கத்தையாக இருக்கும். கடல்நீர் குழாய்களுக்குள் போகும், எஞ்சினின் சூட்டு நீர் குழாய்களுக்கு வெளியே சுற்றும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். அதன் மூடியைத் திறக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது. உப்பு பூத்து இறுகிப்போயிருந்தது. ஸ்டோர் சுத்தியலால் தட்டத் தட்ட நான் ஸ்பேனரை அழுத்தினேன். திறந்ததும் கறுப்பாக, மெத்தென்று, குழாய்களின் வாயை மறித்துக்கொண்டு அது கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரல் இன்னும் எதையோ தொட்டது. ஓரத்தில், ஓடு மாதிரிக் கடினமாக, உப்பு வெள்ளை படிந்து, குழாய்களோடு ஒட்டி இன்னொன்று.

ஸ்டோர் எண்ணிக்கொண்டிருந்தார். "குமிழ்ல ரெண்டு, வயித்துல மூணு, இது ஆறு... ஏழு. அண்ணி, ஒண்ணு கூடுதலா வருது. எங்க ஆஸ்பத்திரியில குறையும், கூடவே கூடாது."

நான் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

முன்பு ஒருமுறை, ஒரு தீவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் இதே பம்பு பிய்ந்துபோயிற்று. பிளாஸ்டிக் பை ஒன்று வால்வின் வாயை அடைத்ததில். அவர்தான் சரி செய்தார். துண்டுகளைத் துணியில் பரப்பிப் பார்த்துவிட்டுத் துணியைச் சட்டென்று மடித்தார். "எல்லாம் கெடைச்சிருச்சா?" என்று கேட்டேன். "எல்லாம் கெடைச்சிருச்சு, விடியக்காலைல கெளம்பலாம்" என்றார். அதற்குப் பிறகு வெப்பமானியின் முள் எப்போதும் ஒரு கோடு தள்ளியே நிற்கும். கேட்டால், "எஞ்சினுக்கு வயசாச்சு, அது அப்படித்தான்" என்பார். தோளைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். கேட்டால், "நங்கூரச் சங்கிலி இழுக்கிற தோள், அது அப்படித்தான்" என்பார். அவர் எண்ணத் தெரியாதவர் அல்ல.

"தம்பி, உங்க அண்ணன் உங்ககிட்ட தோள் வலின்னு எப்பவாவது சொன்னாரா?"

அவர் மூடியில் இருந்த திருகுகளை நேராக்கினார். ஏற்கனவே நேராகத்தான் இருந்தன.

"போன்ல சொன்னார். மார்லயும் ஒரு மாதிரி இருக்குன்னார். டாக்டரைப் பாருங்கன்னேன். அண்ணிகிட்ட சொல்லிடாத, சொன்னா படகைத் திருப்பிடுவான்னார்."

"திருப்பியிருப்பேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"திருப்பித்தான் இருப்பேன்."

என் குரல் உயர்ந்திருந்தது. ஸ்பேனரைத் தரையில் எறிந்திருக்கிறேன். அது உருண்டு போய்ப் பெட்டியில் மோதிய சத்தத்தில்தான் தெரிந்தது. ஸ்டோர் அதை எடுத்துத் துடைத்து, என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். நான் கொஞ்ச நேரம் அந்த மனிதர் மீது கோபமாக இருந்தேன். இந்த மனிதர் மீது இல்லை. போனவர் மீது. பிறகு அதுவும் பழையபடி மரத்துப்போயிற்று. ஆனால் இருந்தது என்று தெரியும். மரத்த காலில் ஒரு ஊசி குத்தியது போல.

புதுச் சக்கரத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினேன். எல்லா இறக்கைகளையும் சுற்றும் திசைக்கு எதிராக மடங்குமாறு திருகித் திருகி உள்ளே அழுத்த வேண்டும். இரண்டு தடவை வழுக்கி வெளியே வந்தது. மூன்றாவது தடவை உட்கார்ந்தது. மூடிகளைப் போட்டு, வால்வைத் திறந்தேன். எங்கும் கசிவில்லை.

சாவியைச் சுவர்க் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போய் எஞ்சினைப் போட்டேன். பின்பக்கம் குனிந்து பார்த்தேன்.

"துப்புதா அண்ணி?"

"துப்புது."

பொளக் பொளக் என்று, ஊர்வம்பு பேசிக்கொண்டே வெற்றிலை துப்புகிறவரைப் போல, தாராளமாகத் துப்பியது. ஸ்டோர் சங்கிலியை இழுத்து ஏற்றினார். மூச்சு வாங்க, "விட்டதெல்லாம் ஸ்டாக்ல சேர்த்தாச்சு" என்றார்.

துறைமுக வாயில் வரை என் கண் முள்ளின் மேலேயே இருந்தது. அது மெல்ல ஏறியது, ஏறி ஒரு கோட்டில் நின்றது. வழக்கமான கோட்டுக்கு முந்தின கோடு. வேகத்தைக் கூட்டினேன். அப்போதும் அங்கேயே நின்றது. படகு வாங்கிய புதிதில் அது அங்கேதான் நிற்கும். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

பட்டறையின் கரையில் கிரேன்காரர் இரண்டு அகலமான பட்டைகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக் காத்திருந்தார். படகு பட்டைகளின் மேல் வந்து நிற்க வேண்டும். பட்டை அடிப்பலகைக்கும் சுக்கானுக்கும் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சுக்கானில் விழுந்தால் ஒடித்துவிடும். பின்பட்டையை ஒரு கை முன்னால் தள்ளச் சொன்னேன். தள்ளினார்.

"எஞ்சின் போயிடுச்சுன்னீங்க?"

"வந்துடுச்சு."

அவர் தலையை உயர்த்திப் பாய்மரத்தின் நுனியைப் பார்த்தார். "சரிம்மா. முதல்ல மரத்தை எடுத்துடுவோம். கம்பிங்களைத் தளர்த்திட்டா அரை மணி நேரத்துல எறக்கிடலாம். ஆளுங்க ரெடியா இருக்காங்க."

ஸ்டோர் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"மரம் அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"மரத்தோட நிறுத்தி வைக்க மாட்டோம்மா. காத்துல சாஞ்சிடும். நிறுத்தி வைக்கிறதுன்னா எறக்கியே ஆகணும்."

"நிறுத்தி வைக்கல. அடியில பாசியைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கணும். கூலரைக் கழட்டி ஆசிட்ல கழுவணும், அதை நான் பார்த்துக்கிறேன். காய்ஞ்சதும் தண்ணியில எறக்கிடுங்க."

"போன்ல வேற சொன்னாங்களே. உங்க பொண்ணு."

"நான் சரின்னு சொல்லியிருந்தேன். இப்ப வேண்டாம்."

சந்தோஷமாகச் சொல்லவில்லை. சங்கிலி எவ்வளவு விட வேண்டும் என்று சொன்ன அதே குரலில் சொன்னேன். கிரேன்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஆட்களிடம் கையசைத்தார். ஏணியோடு நின்றிருந்த இரண்டு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

"பொண்ணு என்னைத்தான் கேட்கும்" என்றார் ஸ்டோர். "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க சித்தப்பான்னு அனுப்பினா, அம்மாவுக்கு பெயிண்ட் டப்பா தூக்கிட்டிருக்கீங்களான்னு கேட்கும்."

"நானே பேசுறேன். பெயிண்ட் காயிற வரைக்கும் அவ வீட்லதான் இருக்கணும். படகு கரையில நிக்கும்போது இதுல படுக்க முடியாது. ரூமுக்கு மஞ்சள் வேண்டாம்னு சொல்லணும்."

"மஞ்சள் அடிச்சு முடிச்சாச்சு அண்ணி."

"அப்ப ஒரு சுவரையாவது மாத்தச் சொல்லுங்க."

அவர் இதைக் கேட்டுக் கொஞ்சம் வேகமாகத் தலையாட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே போனேன். குனிந்து, வால்வைக் குறுக்கே திருப்பி, சாவியை அதில் மாட்டினேன். பட்டைகள் இறுகின. படகு ஒருமுறை முனகித் தண்ணீரை விட்டு எழுந்தது. கால்களுக்கு அடியில் இருந்த ஆட்டம் அப்படியே நின்றது. அடியிலிருந்து கடல் ஒழுகும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஸ்டோர் மேஜையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். துணியில் பிய்ந்த இறக்கைகள் அப்படியே இருந்தன. ஆறையும் சக்கரம் போலச் சுற்றி அடுக்கியிருந்தார். ஏழாவதைத் தனியாக, லேபிள் ஒட்டாத ஒரு காலி டப்பாவில் வைத்திருந்தார்.

"இதை என்ன பண்றது அண்ணி? எடுத்து வைக்கட்டுமா?"

நான் டப்பாவை வாங்கிப் பார்த்தேன். உப்பு உதிர்ந்திருந்தது. ரப்பர் எவ்வளவு நாள் இறுகிக் கிடந்தால் இப்படி ஓடாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"குப்பைதான் தம்பி" என்றேன். "கடல்ல மட்டும் போட்டுடாதீங்க."